எங்கள் ஊர் மாம்பழத்துக்கு மூக்கு உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சிக்காக ஊரெங்கும் கட்டப்படும் பதாகைகளைப் பற்றி ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர் எழுதிய கடிதத்தைச் சென்ற வாரம் இதே பகுதியில் வெளியிட்டிருந்தீர்கள். இன்றைய டிசைன் பிள்ளைகள் பென்சிலைத் தொடுவதே இல்லை, செல்பேசியில் வந்ததை எடுத்து ஒட்டிவிட்டுக் காசு கேட்கிறார்கள் என்பது அவருடைய வருத்தம். அந்தப் பிள்ளைகளில் நானும் ஒருத்தி. சொந்த ஊர் காவேரிப்பட்டணம். பெங்களூரில் விளம்பர வடிவமைப்பு மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஐயா சாட்டிய குற்றத்தை ஒப்புக்கொள்ளத்தான் பேனாவை எடுத்தேன். எழுத எழுதக் குற்றவாளிகளின் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. அதில் தங்கள் நாளிதழும் வருகிறது, பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இந்தப் பருவத்தில் எங்களுக்குக் கொடுத்த வேலை, அவரவர் ஊர்ப் பொருள் ஒன்றுக்கு முழு விளம்பரத் தொகுப்பு செய்வது. சுவரொட்டி, அட்டைப்பெட்டி, கடைப் பலகை, சமூக ஊடகப் படங்கள் எல்லாம் அதில் அடக்கம். வரையத் தொடங்கும் முன் இருபது பக்கத்துக்கு டிரெண்ட் ஆய்வு எழுதித் தர வேண்டும். தட்டைபோன்ற நிப்பட்டா, மாம்பழமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எங்கள் ஊர் நிப்பட்டை வகுப்பில் பாதிப் பேர் ஏற்கெனவே என் பையிலிருந்து எடுத்துத் தின்று தீர்த்திருந்தார்கள். அதற்கு இனி விளம்பரம் வேண்டியதில்லை என்று மாம்பழத்துக்கு வந்து சேர்ந்தேன்.

டிரெண்ட் ஆய்வு என்பது, வரும் ஓராண்டு ஈராண்டில் மக்கள் கண்ணுக்கு எந்த நிறமும் எழுத்தும் வடிவமும் பிடிக்கும் என்று முன்கூட்டியே மோப்பம் பிடிக்கிற வேலை. நிறங்களைத் தரப்படுத்தும் அமெரிக்காவின் பான்டோன் நிறுவனம் 2000-ஆம் ஆண்டு தொடங்கி ஆண்டுக்கு ஒரு நிறத்தை அறிவித்து வருகிறது. 2024-க்கு பீச் பழத்தோலின் நிறம்; 2025-க்கு மோக்கா மூஸ் என்று ஒரு பழுப்பு. இரண்டாவதை என் மடிக்கணினியில் பார்த்த பாட்டி, "இது நம் வீட்டுப் பழம்புளி நிறம்தானே, இதற்குமா அமெரிக்காவிலிருந்து சொல்ல வேண்டும்?" என்று கேட்டார். நம் நாட்டிலும் ஆடைத் துறைக்கென்று தேசிய ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்ட் 2024-இல் ஒரு கணிப்பு நூல் வெளியிட்டது. இந்தக் கணிப்புகளையெல்லாம் நான் பழிக்கவில்லை. துணி நெய்பவருக்கு அடுத்த தீபாவளியின் நிறம் இப்போதே தெரிந்தாக வேண்டும்.

நான் செய்தது வேறு. விடுதி அறையில் போர்வைக்குள் படுத்துக்கொண்டு, படத் தளங்களில் 'மேங்கோ' என்று தட்டி, வந்ததையெல்லாம் எடுத்து ஒட்டினேன். இருபது பக்கமும் இரண்டே இரவில் முடிந்தன. அதிலிருந்து ஒரு சுவரொட்டியும் பிறந்தது: உருண்டை உடம்பு, செக்கச்சிவந்த கன்னம், காம்பருகில் ஒற்றைப் பச்சை இலை, தோல்மேல் இரண்டு சொட்டுத் தண்ணீர். வகுப்பில் நல்ல மதிப்பெண் கிடைத்தது.

விடுமுறைக்கு வந்தபோது அதை மாமாவிடம் காட்டினேன். சந்தூர்ப் பக்கம் அவருக்கு இரண்டு ஏக்கர் மாந்தோப்பு இருக்கிறது. நெற்றிமேல் ஏற்றியிருந்த கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"நன்றாக இருக்கிறது கண்ணு. என்ன பழம் இது?"

"மாம்பழம் மாமா."

"அது தெரிகிறது. என்ன ரகம்?"

எனக்குத் தெரியவில்லை. செந்தூராவாக இருந்தால் இவ்வளவு சிவக்காது, மல்கோவாவுக்கு இந்த நிறமே கிடையாது, நம் தோப்பில் இருப்பது எதுவும் இதில் இல்லையே என்று அவர் தனக்குள் பேசிக்கொண்டார். பிறகு சுவரொட்டியைச் சுருட்டி என்னிடமே கொடுத்துவிட்டு, விடியற்காலை ஐந்து மணிக்கு மண்டிக்கு வருகிறாயா என்று கேட்டார்.

மண்டியில் ரகம் பிரிக்கும் பெரியவர் ஒருவர் கிளிமூக்கு என்று சொல்லும் பெங்களூரா காய் ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டார். அகலமான தோள் கட்டைவிரலின் அடியில் உட்கார்ந்தது. உடம்பு சுண்டுவிரலைத் தாண்டி நீண்டு, ஒரு பக்கம் குழிந்து, நுனியில் கிளியின் அலகுபோல் வளைந்து நின்றது. "இந்தக் குழியில் ஆள்காட்டி விரல் படிய வேண்டும். படிந்தால் பெங்களூரா. இருட்டில்கூடப் பிரிக்கலாம்" என்றார். காம்பு முறித்த இடத்திலிருந்து பால் வழிந்து தோலில் கறுப்புக் கோடு இழுத்திருந்தது. அந்தப் பால் பட்டுப்பட்டு அவருடைய மணிக்கட்டெல்லாம் வடு. காயின் நிறத்தை எந்த வண்ண அட்டையிலும் உடனே காட்ட முடியாது. வெயில் பட்ட பக்கம் மட்டும் பச்சை மஞ்சளுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. மேலெல்லாம் ஊசியால் தொட்டதுபோல் வெளிறிய புள்ளிகள். நான் மூன்று ஆண்டுகளாக வடிவமைப்பு படிக்கிறேன், பதினெட்டு ஆண்டுகளாக இந்தக் காயைத் தின்கிறேன். அதற்கு அப்படி ஒரு குழி இருப்பதை அன்றுதான் விரலால் தெரிந்துகொண்டேன்.

முதலாம் ஆண்டிலேயே எங்களுக்கு ஒரு பாடம் நடத்தியிருந்தார்கள். 1958-இல் அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி இந்திய அரசுக்காக ஓர் அறிக்கை எழுதினார்கள். அதை ஒட்டித்தான் 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் பிறந்தது. அந்த அறிக்கையில் அவர்கள் மிகவும் வியந்து எழுதியது நம் வீடுகளில் இருக்கும் சொம்பைப் பற்றி. எவ்வளவு தண்ணீர் கொள்ளும், தலையில் வைத்தால் எப்படி, இடுப்பில் வைத்தால் எப்படி, நிறைந்திருக்கும்போது கனம் எங்கே நிற்கும், தொட்டால் கைக்கு எப்படி இருக்கும் என்று கேள்விமேல் கேள்வி அடுக்கியிருப்பார்கள். தேர்வில் அதை எழுதிப் பதினைந்துக்குப் பதினான்கு வாங்கினேன். மாங்காயிடம் ஒரு கேள்வியும் கேட்கத் தோன்றவில்லை.

பெங்களூருக்குத் திரும்பியதும் என் சுவரொட்டிப் பழத்தை ரகம் வாரியான படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அது டாமி அட்கின்ஸ். ஃபுளோரிடாவில் தோன்றிய ரகம். நார் மிகுதி; ஆனால் நாள்பட இருக்கும், ஏற்றி இறக்கினால் எளிதில் அடிபடாது. அதனால் அமெரிக்க, ஐரோப்பியக் கடைகளில் நெடுங்காலமாக அதன் ஆட்சிதான். படத் தளங்களுக்குப் படம் எடுத்துப் போடுகிறவர்கள் தங்கள் தெருக்கடையில் கிடைத்ததைத்தான் எடுப்பார்கள். அவர்கள்மேல் என்ன தவறு? செயற்கை நுண்ணறிவையும் விட்டுவைக்கவில்லை. தமிழிலேயே 'கிளிமூக்கு மாங்காய்' என்று கேட்டுப் பார்த்தேன். சிவந்த உருண்டைப் பழத்தின்மேல் ஒரு கிளி உட்கார்ந்திருக்கும் படம் வந்தது. கிளி மிக நன்றாக இருந்தது.

அதன்பிறகுதான் என் ஆய்வைக் காலால் செய்யத் தொடங்கினேன். கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்திலிருந்து ஐந்து ரோடு ரவுண்டானா, அங்கிருந்து லண்டன்பேட்டை என்று ஒரு நாள் முழுவதும் நடந்து, மாம்பழப் படம் போட்ட பலகைகளை எண்ணினேன். இருபத்து மூன்று. அவற்றில் பதினேழில் இருந்தது அதே ஃபுளோரிடாப் பழம். ஒன்றில்கூட மூக்கு இல்லை. ஃபிளெக்ஸ் கடைக்காரர் ஒருவர் தம் கணினியைத் திறந்து காட்டினார். 'மேங்கோ ஃபைனல்' என்று ஒரு கோப்பு. எப்போதோ இறக்கிவைத்த அந்த ஒரே பழம்தான் பழச்சாற்றுக் கடைக்கும், தோட்டக்கலை மருந்துக் கடைக்கும், புதுமனை புகுவிழாவுக்கும் போயிருக்கிறது. மண்டி உரிமையாளர் ஒருவரின் கண்ணீர் அஞ்சலிப் பதாகையில் மூலைக்கு ஒன்றாக நான்கு. கையால் வரைந்த காலத்தில் இந்தச் சிக்கல் இல்லையா என்று கேட்டேன். இருந்தது, ஆனால் வேறு மாதிரி என்றார்: கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் சுவரில் மாம்பழம் வரைந்தால், அது ஒரு கட்சியின் சின்னம் என்பதால், தேர்தல் வந்துவிட்டதா என்றுதான் ஊர் கேட்குமாம்.

கடந்த கண்காட்சியின்போது தாங்கள் வெளியிட்ட சிறப்பு இணைப்பின் அட்டையையும் எடுத்துப் பார்த்தேன். 'கிருஷ்ணகிரியின் பெருமை' என்ற தலைப்புக்குக் கீழே, அதே சிவந்த கன்னம், அதே இரண்டு சொட்டுத் தண்ணீர். என் சுவரொட்டியும் தங்கள் அட்டையும் அக்காள் தங்கைபோல் இருந்தன.

இதனால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். பெங்களூரா எங்கள் பக்கத்து மாங்கூழ்த் தொழிற்சாலைகளுக்குப் போகும் பழம். நம் நாட்டில் விற்கும் மாம்பழக் குளிர்பானப் பாட்டில்களுக்குள் இருப்பது பெரும்பாலும் இதன் கூழ்தான். ஆலை விலை வைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. 2025 கோடையில் கிலோவுக்கு ஐந்து ரூபாய்க்குமேல் கேட்க ஆளில்லாமல் மாமா பறிகூலிகூடத் தேறாது என்று ஒரு பகுதியை மரத்திலேயே விட்டுவிட்டார். சுவரொட்டியில் மூக்கு வரைந்தால் விலை ஏறிவிடும் என்று நம்பும் அளவுக்கு நான் பேதை இல்லை. ஆனால் பெங்களூர் நெடுஞ்சாலையில் கூடை வைத்து விற்கும் அக்கா ஒருவருடன் இரண்டு பிற்பகல்கள் உட்கார்ந்திருந்தேன். காரை நிறுத்துகிறவர்கள் பின்னால் கட்டியிருக்கும் பதாகையைப் பார்க்கிறார்கள், கூடையைப் பார்க்கிறார்கள், "அந்தப் பழம் இல்லையா?" என்கிறார்கள். அந்தப் பழம் எங்கள் மண்ணிலேயே இல்லை என்று அவர் யாரிடம் போய்ச் சொல்வார்? அந்தப் பதாகைக்கு அவர் கொடுத்த பணம் ஒரு நாள் வியாபாரம்.

இத்தனைக்கும் அந்தக் காயைத் தெரியாத தமிழர் இருக்க முடியாது. மெரினாவில் பூப்போல் கீறி, உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவிக் கையில் கொடுப்பது இந்தக் கிளிமூக்குதான். பள்ளிக்கூட வாசலில் நாம் எல்லோரும் தின்றதும் இதுதான். என் கர்நாடகத் தோழிகள் இதைக் கிணிமூதி என்கிறார்கள்; தோத்தாபுரி என்ற பெயரில் இருக்கும் தோத்தாவும் இந்தியில் கிளிதான். மூன்று மொழிக்காரர்களும் பார்த்த உடனே மூக்கைத்தான் பார்த்திருக்கிறார்கள். பாட்டியின் மாங்காய் மாலையிலும் பட்டுச்சேலைக் கரையிலும் உள்ள மாங்காய்க்குக்கூட நுனி வளைந்திருக்கிறது.

ஆகவே பழைய சுவரொட்டியைக் கிழித்துவிட்டு மறுபடியும் தொடங்கினேன். புதியதில் முழுப் பழமே கிடையாது. கீறிய மாங்காய், மேலே மிளகாய்ப்பொடி, அடியில் மூக்கு மட்டும் வெட்டாமல் விட்டிருக்கிறது. இந்த ஆண்டின் நிறம் எங்கே என்று வழிகாட்டி ஆசிரியர் கேட்டார். மாங்காய்ப் பச்சையைக் காட்டினேன். முதல் முறையைவிட நான்கு மதிப்பெண் குறைவாகப் போட்டார். 'உள்ளூர்த்தன்மை அதிகம்' என்று ஓரத்தில் எழுதியிருந்தார். அதை நான் இன்னும் பாராட்டாகவே வைத்திருக்கிறேன்.

வகுப்புத் தோழர்கள் இருவரோடு சேர்ந்து பெங்களூரா, செந்தூரா, மல்கோவா, நீலம், அல்போன்சா, பங்கனப்பள்ளி ஆகிய ஆறு ரகங்களையும் மண்டி வெளிச்சத்திலேயே படமெடுத்து, பின்னணி நீக்கி, அச்சுக்கு ஏற்ற அளவில் வைத்திருக்கிறோம். ஃபிளெக்ஸ் கடைகளுக்கு இலவசமாகவே கொடுக்கிறோம். நான் சொன்ன அந்தக் கடைக்காரர் வாங்கிக்கொண்டார். பழைய கோப்பை அழிக்க மட்டும் மனம் வரவில்லை. புதியதற்கு 'மேங்கோ ஃபைனல் இரண்டு' என்று பெயர் வைத்திருக்கிறார்.

அடுத்த இணைப்பிதழுக்குத் தாங்களும் கேட்டால் அனுப்புகிறேன். அதைவிட நல்லது, தங்கள் புகைப்படக்காரரை ஒரு நாள் காலை ஆறு மணிக்குள் மண்டிக்கு அனுப்புவது. ஏழு மணிக்கு மேல் லாரி ஏறிவிடும். ஓவிய ஆசிரியர் ஐயாவும் அவருடன் வரட்டும், பென்சிலோடு. நான் கையால் வரைந்து பழகிக்கொண்டிருக்கிறேன்; தோள் வந்துவிட்டது, அந்த விரல் படியும் குழி மட்டும் இன்னும் சரியாக வரவில்லை.

இப்படிக்கு,
வடிவமைப்பு மாணவி,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.