எண் மாற்றி வெட்டப்பட்ட மங்கோலிய விருதுகள்: ஏல நிறுவனத்துக்கு ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்:
தங்கள் ஏலங்களில் பதிவு செய்துள்ள வாடிக்கையாளர், மதுரை.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப் பிரிவு, பழம்பொருள் ஏல நிறுவனம், சென்னை.

பொருள்: ‘கால்கின் கோல் காலத்து மங்கோலிய விருதுகள், ஒரே நபருக்குரியவை, அசல் சான்றுப் புத்தகங்களுடன்’ என்று விற்கப்பட்ட லாட் (ஏலத் தொகுப்பு) – தவறான விவரம், மாற்றி வெட்டிய வரிசை எண் – முழுத் தொகையையும் திருப்பித் தரவும் பட்டியலைத் திருத்தவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். மேலே சொன்ன லாட்டை உங்கள் சென்ற மாத ஏலத்தில் எடுத்தவன் நான். அதில் மூன்று பொருட்கள் இருந்தன: மங்கோலியர்கள் ‘அல்தான் கதாஸ்’ என்று சொல்லும் துருவ நட்சத்திர விருது, உழைப்புக்கான செங்கொடி விருது, உழைப்பு மரியாதைப் பதக்கம். கூடவே, விருது பெற்றவரின் பெயரும் விருதின் எண்ணும் எழுதிய இரண்டு சான்றுப் புத்தகங்கள். பார்சல் பத்திரமாக வந்தது, பேக்கிங்கில் ஒரு குறையும் இல்லை. உழைப்பு மரியாதைப் பதக்கமும் சரியாகவே இருக்கிறது. மற்ற இரண்டு விருதுகளையும் அந்தப் புத்தகங்களையும் பற்றித்தான் இந்தக் கடிதம். தொலைபேசியில் சொல்லிப் பார்த்தேன், மின்னஞ்சலும் அனுப்பினேன். வந்த பதில் ஒரு பொருளை விற்றுவிட்டவர் கைகழுவும் பதிலாக இருந்தது. அதனால் எல்லாவற்றையும் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் துருவ நட்சத்திரம். விருதின் பின்புறம் வெட்டியிருப்பது நான்கு இலக்க எண். அதோடு வந்த சான்றுப் புத்தகத்தில் எழுதியிருப்பது ஐந்து இலக்க எண். ஓர் இலக்கம் தேய்ந்து போயிருக்கலாம் என்று உங்கள் ஊழியர் சொன்னார். அப்படிக்கூட இல்லை. இரண்டு எண்களும் முதல் இலக்கத்திலிருந்தே வேறு. உங்கள் பட்டியலில் விருதின் முன்பக்கப் படம் மட்டும்தான் இருந்தது. புத்தகத்தின் அட்டை மட்டும்தான் இருந்தது. எண் இருக்கும் இரண்டு இடங்களும் படத்தில் இல்லை. ‘அசல் சான்றுப் புத்தகத்துடன்’ என்று எழுதுகிறவர், அந்தப் புத்தகம் அந்த விருதுக்கு உரியதுதானா என்று ஒரு தடவையாவது திறந்து பார்த்திருக்க வேண்டும். அதற்கு மங்கோலிய மொழி தெரிய வேண்டியதில்லை. எண்களைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

அடுத்தது காலம். புத்தகத்தில் தேதி எழுதிய இடம் தண்ணீர் பட்டுக் கலைந்திருக்கிறது. அந்த இடத்தில் ‘1939’ என்று நீங்களாகவே ஊகித்து, கால்கின் கோல் போரோடு முடிச்சுப் போட்டிருக்கிறீர்கள். அந்தப் பெயருக்கு என்ன விலை உண்டு என்பது நம் இருவருக்கும் தெரியும். 1939 மே முதல் செப்டம்பர் வரை மங்கோலிய எல்லையில் நடந்த அந்தப் போரில்தான் சோவியத் தளபதி ஜூக்கோவ் தலைமையில் சோவியத், மங்கோலியப் படைகள் ஜப்பானின் குவாண்டுங் படையை முறியடித்தன. அந்தப் போரோடு தொடர்புள்ள விருது என்றால் சேகரிப்பவர்கள் போட்டி போட்டுக்கொண்டு விலை ஏற்றுவார்கள். நானும் அந்த விலையைத்தான் கொடுத்தேன்.

ஆனால் இந்தப் புத்தகம் 1939-ஐச் சேர்ந்ததாக இருக்கவே முடியாது. அது முழுக்க சிரிலிக் எழுத்தில், அதாவது ரஷ்ய மொழியை எழுதும் எழுத்தில், அச்சான மங்கோலியப் புத்தகம். மங்கோலிய மொழிக்கென்று சேர்த்த, ரஷ்ய மொழியில் இல்லாத இரண்டு உயிரெழுத்துகளும் அதில் இருக்கின்றன. மங்கோலியா சிரிலிக்கை ஏற்க முடிவு செய்தது 1941-இல். அரசு அலுவல் முழுக்க அதற்கு மாறியது 1946-இல். அதற்கு முன் நடைமுறையில் இருந்தது மேலிருந்து கீழாக எழுதும் பழைய மங்கோலிய எழுத்து. இன்னொன்றும் உண்டு. விருது வழங்கும் ஆணையைப் பிறப்பித்ததாகப் புத்தகத்தில் அச்சாகியிருப்பது மக்கள் பெரும் குரால் எனப்படும் நாடாளுமன்றத்தின் தலைமைக்குழு. 1939-இல் பெரும் குரால் கூடாத காலங்களில் ஆட்சி அதிகாரம் சிறிய குராலிடம் இருந்தது. அது 1950 வாக்கில்தான் கலைக்கப்பட்டது. ஆக, தேதி அழிந்திருந்தாலும் அச்சே காலத்தைச் சொல்லிவிடுகிறது. பழைய விருதுக்குப் பின்னாளில் புதுப் புத்தகம் கொடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். கொடுத்திருக்கலாம்தான். ஆனால் மாற்றுப் புத்தகத்திலும் அதே விருதின் எண்ணைத்தானே எழுதியிருப்பார்கள்? இங்கே எண்ணே வேறு.

மூன்றாவது, ‘ஒரே நபருக்குரியவை’ என்ற வாசகம். இரண்டு புத்தகங்களிலும் பெயர் எழுதிய வரியில் முதலில் வருவது ஒரே சொல்தான். அதைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டு, பின்னால் வருவதை விட்டுவிட்டீர்கள். மங்கோலியர்கள் முதலில் எழுதுவது பொதுவாக அப்பாவின் பெயரை. விண்வெளிக்குப் போன முதல் மங்கோலியர் ஜுக்தெர்தெமிதின் குர்ரக்சா என்றால், ஜுக்தெர்தெமிதின் மகன் குர்ரக்சா என்று பொருள். சென்னையில் இருந்துகொண்டு இதைப் புரிந்துகொள்வது கஷ்டமே இல்லை. இனிஷியல் ஒன்றாக இருக்கிறது என்பதற்காக இரண்டு பேரை ஒரே ஆள் என்று நாம் சொல்வோமா? இந்தப் புத்தகங்களில் சொந்தப் பெயர்கள் வேறு, ஊர்கள் வேறு, ஐமாக் எனப்படும் மாகாணங்களும் வேறு. ஒருவர் கால்நடைக் கூட்டுறவில் மேய்ப்பர். இன்னொருவர் வண்டி ஓட்டுநர். அவர்களுடைய குடும்பத்தார் இன்று எங்காவது இருக்கக்கூடும் என்பதால் பெயர்களை இந்தக் கடிதத்தில் எழுதவில்லை. தனியாக அனுப்பியுள்ள படங்களில் பார்த்துக்கொள்ளலாம்.

இனிச் சொல்லப்போவதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம். உழைப்புக்கான செங்கொடி விருதின் எண் அதன் புத்தகத்தோடு அச்சுப் பிசகாமல் ஒத்துப்போகிறது. உங்கள் பதில் கடிதமும் இதைத்தான் பெருமையாகச் சுட்டிக்காட்டியது. ஆனால் அந்த எண் பிற்பாடு வெட்டியது. விருதைக் கவிழ்த்து வைத்து, டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்து, லென்ஸில் பாருங்கள். எண் இருக்கும் இடம் மட்டும் லேசாகக் குழிந்திருக்கும். சுற்றிலும் வெள்ளி கறுத்துப்போய் இயல்பான பழமையோடு இருக்கிறது. எண்ணுக்குக் கீழே மட்டும் அரத்தின் கீறல்கள் ஒரே திசையில் ஓடுகின்றன. இலக்கங்களின் பள்ளத்துக்குள் அழுக்கும் இல்லை, கறுப்பும் இல்லை. வெள்ளி பளிச்சென்று தெரிகிறது. கடைசி இலக்கத்துக்குப் பக்கத்தில், சரியாக அராமல் விட்ட பழைய இலக்கம் ஒன்றின் வளைவு மிச்சமிருக்கிறது. யாரோ ஒருவர் கையில் விருது இல்லாத புத்தகம் ஒன்று இருந்திருக்கிறது. புத்தகம் இல்லாத விருது ஒன்றும் இருந்திருக்கிறது. விருதின் எண்ணை அராவி, புத்தகத்தின் எண்ணை வெட்டிச் ‘சேர்த்து’விட்டார்கள். இதைச் செய்தது நீங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் விற்றது நீங்கள். பார்த்திருக்க வேண்டியதும் நீங்கள்.

உங்கள் பதிலில் இருந்த வரியை அப்படியே எடுத்துக்கொள்கிறேன்: விருதுகள் சோவியத் நாணயச் சாலையில் தயாரானவை, வெள்ளி அசல், எனாமல் உடையவில்லை, எண் என்பது அலுவலகக் கணக்குக்காகப் போடுவது, எனவே விவரத்தில் பிழை இல்லை. மங்கோலிய மக்கள் குடியரசின் விருதுகள் பல சோவியத் நாணயச் சாலையில் அடிக்கப்பட்டவை என்பது சரி. வெள்ளியையும் நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் எண்ணைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்க முடியாது. அலுவலகக் கணக்குக்காகப் போட்ட எண் என்பதால்தான் அதற்கு மதிப்பு. அந்த எண் இல்லாவிட்டால் ஆயிரக்கணக்கில் அடித்த ஒரே மாதிரி விருதுகளில் எது யாருடையது என்று சொல்ல வழியே கிடையாது.

இந்த விருதுகளை ஆராய்கிறவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் பட்டியலால் நேர்ந்த கெடுதல் என்னோடு முடியவில்லை. துருவ நட்சத்திர விருது 1936-இல் ஏற்படுத்தப்பட்டது. சுக்பாத்தர் விருதும் உழைப்பு மரியாதைப் பதக்கமும் 1941-இல் வந்தன. அதற்குப்பின் பல பத்தாண்டுகளில் வடிவம் மாறியது, மாட்டும் முறை மாறியது, பின்புறம் மாறியது. எந்த வடிவம் எந்த வருடம் வழங்கப்பட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? விருதும் அதற்குரிய புத்தகமும் பிரியாமல் கிடைக்கும் ஜோடிகளைத் தேடிப் பிடிப்பார்கள். விருதின் எண், அதன் வடிவம், புத்தகத்தில் உள்ள ஆணைத் தேதி மூன்றையும் குறித்து, எண் வரிசைப்படி அடுக்குவார்கள். நிறைய ஜோடிகள் சேரும்போது, இந்த எண்ணிலிருந்து அந்த எண் வரை இந்தக் காலம் என்று ஒரு கோடு தெரிய ஆரம்பிக்கும். அப்புறம் புத்தகம் இல்லாமல் தனியாகக் கிடைக்கும் விருதுக்கும் ஏறக்குறைய ஒரு காலத்தைச் சொல்ல முடியும். ஆணைத் தேதி தெரிந்தால் மங்கோலியத் தலைநகர் உலான்பாத்தரில் உள்ள ஆவணக் காப்பகத்தில் அந்த ஆணையைத் தேடிக் கேட்கவும் ஒரு வழி பிறக்கும்.

இந்த அட்டவணைகளுக்கு ஏலப் பட்டியல்கள் ஒரு முக்கியமான ஆதாரம். உங்கள் பட்டியலும் அதில் சேரும். 1939 என்ற பொய்த் தேதியை ஒரு நான்கு இலக்க எண்ணோடு சேர்த்து அச்சிட்டுவிட்டீர்கள். இனி அதைப் பார்க்கிற ஒருவர் தன் அட்டவணையில் எழுதிக்கொள்வார். அதை வைத்து இன்னொருவர் தன் கையிலிருக்கும் விருதுக்குக் காலம் குறிப்பார். ஒரு பொய் ஜோடி, பத்து உண்மை ஜோடிகளைச் சந்தேகப்பட வைக்கும். என் பணம் திரும்பி வந்தாலும் இந்தக் கெடுதல் நிற்காது. அதனால்தான் பட்டியல் திருத்தத்தைப் பணத்துக்கு இணையாகக் கேட்கிறேன்.

தொலைபேசியில் உங்கள் ஊழியர் சாதாரணமாகச் சொன்ன ஒன்று என் மனத்தை விட்டு அகலவில்லை. படிக்க முடியாத மொழிகளில் இருக்கும் புத்தகங்களையும் தாள்களையும் விருதுகளிலிருந்து பிரித்து, ‘பழைய காகிதங்கள்’ என்று கட்டுக்கட்டாக வேறு லாட்டில் விற்பது உங்கள் வழக்கமாம். தயவுசெய்து இதை நிறுத்துங்கள். 1990-க்குப் பிறகு சோவியத் உதவி நின்று, உலான்பாத்தரில் உணவுப் பொருட்களே ரேஷனில் கிடைத்த வருடங்களில், எத்தனையோ பேர் தங்கள் விருதுகளை விற்றார்கள். பனியிலும் புழுதிப் புயலிலும் மந்தையைக் காப்பாற்றியதற்கு, தரிசு நிலத்தில் டிராக்டர் ஓட்டியதற்கு, எட்டுப் பிள்ளைகளைப் பெற்று வளர்த்ததற்கு வாங்கிய விருதுகள் அவை. விற்றபோதும் பலர் புத்தகத்தையும் சேர்த்தே கொடுத்தார்கள், தங்கள் பெயர் அதில் இருக்கிறது என்று தெரிந்தே. அந்தப் பெயரை அந்த வெள்ளியோடு கட்டி வைத்திருக்கும் ஒரே கயிறு வரிசை எண்தான். இத்தனை தூரம், இத்தனை கை மாறி, பிரியாமல் வந்த ஜோடியை உங்கள் மேசையில் வைத்துப் பிரிப்பது பெரிய அநியாயம். அந்த அரசாங்கத்தைப் பற்றி யாருக்கு என்ன கருத்து இருந்தாலும் இருக்கட்டும். மங்கோலியாவை ஆண்ட சோய்பால்சான் காலத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் கொல்லப்பட்டார்கள் என்பதை எந்தச் சேகரிப்பாளரும் மறக்கக் கூடாது. ஆனால் ஒரு மேய்ப்பர் செய்த வேலை அவர் செய்ததுதான். அவருடைய பெயரை அழிக்க நமக்கு உரிமை கிடையாது.

நான் கேட்பவை இவை. லாட்டுக்கு நான் கொடுத்த தொகை, ஏலக் கட்டணம், வரி, கூரியர் செலவு எல்லாவற்றையும் முழுமையாகத் திருப்பித் தர வேண்டும். நீங்கள் முன்வந்த பகுதித் தள்ளுபடியை நான் ஏற்கவில்லை. தவறாக விவரித்த பொருளை விலை குறைத்து என்னிடமே வைத்துக்கொள்ளச் சொல்வது தீர்வாகாது. உங்கள் பட்டியலில் இந்த லாட் இருக்கும் பக்கத்தில், ‘கால்கின் கோல்’, ‘ஒரே நபர்’, ‘அசல் சான்றுப் புத்தகத்துடன்’ என்ற மூன்று வாசகங்களும் தவறு என்றும், செங்கொடி விருதின் எண் மாற்றி வெட்டப்பட்டது என்றும் தெளிவாகக் குறிப்பிட வேண்டும். பக்கத்தையே நீக்கிவிடாதீர்கள், ஏற்கெனவே அதைக் குறித்துக்கொண்டவர்களுக்குத் திருத்தம் தெரிய வேண்டும். திருப்பி வரும் பொருட்களை மறுபடி ஒரே தொகுப்பாக விற்கக் கூடாது.

இன்னொரு வேண்டுகோள். இந்தப் பொருட்களைக் கொடுத்தவரிடமிருந்து வந்த மற்ற மங்கோலியப் புத்தகங்கள் அந்தக் காகிதக் கட்டுகளில் போயிருக்கக்கூடும். என் கையில் இருக்கும் துருவ நட்சத்திரத்தின் நான்கு இலக்க எண்ணுக்குரிய புத்தகம் அவற்றில் இருக்கிறதா என்று வாங்கியவரிடம் கேட்டுப் பாருங்கள். அவருடைய பெயரோ முகவரியோ எனக்கு வேண்டாம். உங்கள் மூலமாகவே கேட்டால் போதும். இருந்தால், விருது யார் கையில் போனாலும் சரி, அந்த இரண்டும் ஒன்று சேரட்டும். அதற்காக எண்ணின் படத்தையும் இணைத்திருக்கிறேன்.

இனிமேல் எண்ணுள்ள விருது எதை விற்றாலும் முன்பக்கம், பின்பக்கம், புத்தகத்தின் எண் உள்ள பக்கம் மூன்றையும் படம் போடுங்கள். இது உங்களுக்குக் கூடுதல் செலவு அல்ல. வாங்குகிறவர்கள் பாதிக் கேள்விகளை உங்களிடம் கேட்காமலே தீர்த்துக்கொள்வார்கள்.

விருதுகளை நான் துடைக்கவில்லை, கழுவவில்லை, வந்த உறையிலேயே வைத்திருக்கிறேன். எண் இருக்கும் பகுதியைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த படங்கள், இரண்டு புத்தகங்களின் எல்லாப் பக்கங்களின் படங்கள், பட்டியல் பக்கத்தின் அச்சுப்படி, பணம் கட்டிய ரசீது ஆகியவை இணைப்பில் உள்ளன. உங்கள் நிபுணர் நேரில் பார்க்க விரும்பினால் கொண்டு வருகிறேன்; நானும் உடனிருந்து பார்க்க வேண்டும். இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் வராவிட்டால், இதே இணைப்புகளோடு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். பொருட்களைத் திருப்பி அனுப்ப வேண்டிய முகவரியையும், போகும் வழிக்கான காப்பீட்டை யார் ஏற்பது என்பதையும் அந்தப் பதிலிலேயே குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்