கடற்கரைக் கோயிலின் எந்தப் பக்கத்துச் சராசரி?

கற்கோயில்களின் தேய்மானத்தை அளக்கும் ஆய்வாளர்களுக்கு,

வணக்கம். மாமல்லபுரத்தில் உளிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்து, கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். 'இந்தக் கோயிலின் சராசரித் தேய்மானம் இவ்வளவு, அந்தக் கோயிலுடையது இவ்வளவு' என்று அட்டவணை போடுகிறீர்களே, அது எந்தப் பக்கத்துச் சராசரி?

கடற்கரைக் கோயிலையே பாருங்கள். 1300 ஆண்டுகளாக உப்புக்காற்றில் நிற்கிறது. மதில்மேல் படுத்திருக்கும் நந்திகள் பலவற்றுக்குக் கண்ணும் மூக்கும் மழுங்கிவிட்டன. மழை நேராக அடிக்கும் இடத்தில் உப்பு கழுவிக்கொண்டு போய்விடும். மழை எட்டாத மூலையில் தங்கி, கல்லின் நுண்துளைக்குள் படிகமாகி, உள்ளிருந்தே கல்லைப் பிளக்கும். ஒரே சுவரில் ஒரு முழம் தள்ளினால் கதை வேறு. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் வரும் எண், அந்தச் சுவரில் எங்குமே இல்லாத ஓர் எண்.

காஞ்சி கைலாசநாதர் கோயிலோடு ஒப்பிடும்போது சிக்கல் இன்னும் கூடுகிறது. இரண்டும் பல்லவ மன்னன் ராஜசிம்மன் கட்டியவை, வயது ஏறக்குறைய ஒன்று, அதுவரை சரி. ஆனால் காஞ்சியில் அடித்தளம் கருங்கல், மேலே மணற்கல், அதன்மேல் பல இடங்களில் சுதைப் பூச்சு. பூச்சின்மேல் அளந்துவிட்டுக் கல்லின் தேய்மானம் என்று எழுதினால் எப்படி?

ரீபவுண்ட் ஹேமர் கணக்கும் எனக்கு உறுத்துகிறது. கல்லில் அடித்ததும் அது எவ்வளவு துள்ளித் திரும்புகிறது என்று எண்ணாகக் காட்டும் கருவி அது; கெட்டிக் கல்லில் எண் கூடும், தேய்ந்த கல்லில் குறையும். பாறையின் பலம் பார்க்க 20 முறை அடித்து, உயர்ந்த 10 அளவுகளுக்கு மட்டும் சராசரி எடுப்பது ஒரு பழைய வழக்கம். பேச்சுக்கு, பத்து அடியில் 50, மற்ற பத்தில் 20 என்று வைப்போம். வழக்கப்படி விடை 50. எல்லாவற்றையும் சேர்த்தால் 35. பலம் தேடுபவருக்கு அந்த 20 வேண்டாத அளவு, தள்ளிவிடலாம். தேய்மானம் தேடும் உங்களுக்கோ அதுதானே சங்கதி! (சிற்பத்தின்மேல் அந்த ஹேமரை வைக்கவே வேண்டாம், புண்ணியமாகப் போகும்.)

என் அப்பா விரல் முட்டியால் தட்டியே சொல்லிவிடுவார். நல்ல கல் 'ணங்' என்கும். பொருக்கு விட்ட இடம் 'தொப்' என்கும். பத்து இடம் தட்டினால், அந்த 'தொப்' கேட்ட இடத்தில்தான் கரிக்கட்டியால் வட்டம் போடுவார்.

நீங்களும் அதைச் செய்தால் போதும். சராசரியைப் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பக்கத்திலேயே இடைநிலை அளவையும் (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது), மிக அதிகமாகத் தேய்ந்த இடத்தின் அளவையும், அந்த இடம் எந்தத் திசை, தரையிலிருந்து எத்தனை அடி உயரம் என்பதையும் அச்சிடுங்கள். கோயிலுக்குக் கோயில் ஒப்பிடுமுன் கிழக்கைக் கிழக்கோடும், வெறும் கல்லை வெறும் கல்லோடும் வையுங்கள். அடுத்த அறிக்கையில் அந்தப் பத்தியைத் தேடிப் பார்ப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர்