ஒப்பந்தம் இல்லாமல் போயிருந்தால்?

ஆசிரியருக்கு,

ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் விலகியது பற்றிய கட்டுரையைப் படித்தேன். இரு தரப்புக்கும் இடையே வர்த்தக ஒப்பந்தமே இல்லாவிட்டாலும் உலக வர்த்தக அமைப்பின் விதிகள் கைகொடுத்திருக்கும் என்கிறார் கட்டுரையாளர்.

விதிகள் இருக்கின்றன, சரி. ஆனால் ஒரு நாட்டுக்குத் தரும் வரிச்சலுகையை எல்லா உறுப்பு நாடுகளுக்கும் தர வேண்டும் என்பதுதானே அவற்றின் அடிப்படை? ஒப்பந்தம் இல்லையென்றால், பிரிட்டன் கார்களுக்கும் வழக்கமான 10 சதவீத வரியை ஐரோப்பா போட்டிருக்கும். பழைய உறவு என்று கண்டும் காணாமல் விட்டிருக்க முடியாது. அந்த அமைப்பின் அடிப்படை வர்த்தக உடன்படிக்கையான 'காட்'டின் 24-ஆம் பிரிவை, அதாவது தங்களுக்குள் தடையற்ற வர்த்தகம் செய்ய உடன்படும் நாடுகளுக்கு விலக்கு தரும் பிரிவைக் காட்டி, பத்தாண்டுகள் வரியில்லாமல் ஓட்டிவிடலாம் என்று அன்று சிலர் வாதிட்டார்கள். அந்தப் பிரிவைப் பயன்படுத்தவே இரு தரப்பும் உடன்பட வேண்டும் என்பதை வசதியாக மறந்துவிட்டார்கள்!

வரியாவது கணக்குப் போட்டுப் பார்க்கக்கூடியது. எல்லையில் ஆகும் தாமதம் அப்படியல்ல. 2020 டிசம்பரில், கொரோனாவின் புதிய வகைக்கு அஞ்சி பிரான்ஸ் இரண்டு நாள் எல்லையை மூடியது. அதற்கே இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் ஆயிரக்கணக்கான லாரிகள் தேங்கின. பல ஓட்டுநர்களுக்குக் கிறிஸ்துமஸ் வண்டிக்குள்ளேயே கழிந்தது. வர்த்தக ஒப்பந்தம் எட்டப்பட்டதும் அதே டிசம்பர் 24-இல்தான், விலகலுக்குப் பிந்தைய இடைக்கால ஏற்பாட்டின் கெடு முடிய ஒரே வாரம் இருக்கும்போது. அப்புறமும் சுங்கப் படிவங்களும் இறைச்சிக்கான கால்நடை மருத்துவச் சான்றுகளும் வரத்தான் செய்தன. ஒப்பந்தம் இருந்தே இந்தப் பாடு என்பதைக் கட்டுரையாளர் ஒரு வரியிலாவது சொல்லியிருக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்