டிஸ்பிளே வந்துவிட்டது: ஐந்து நாளும் என்னோடு நின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

எங்கள் தெருவாசிகளுக்கும் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை வைத்திருக்கும் அண்ணன், அக்காவுக்கும் வணக்கம்.

போன வாரம் டீக்கடைக்குப் போனால்கூட "டிஸ்பிளே வந்துச்சா?" என்றுதான் என்னைக் கேட்டார்கள். என் கம்ப்யூட்டர் திரையில் படம் வந்துவிட்டது. வியாழக்கிழமை ராத்திரி 1.40-க்கு. இரண்டு கல்யாண வீடியோ இன்னும் பாக்கி கிடப்பதால் வீடு வீடாக வந்து சொல்ல முடியவில்லை. அதனால்தான் எல்லாருக்கும் சேர்த்து இந்த மடல்.

விவரம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: என் எடிட்டிங் கம்ப்யூட்டர் 2014-ல் வாங்கியது. நான்காம் தலைமுறை ஐ5 பிராசசர், எல்லாவற்றையும் தாங்கும் எச்81 மதர்போர்டு (சுருக்கமாக, போர்டு). ஆவணி முகூர்த்தத்தில் எடுத்ததெல்லாம் 4கே என்ற ரொம்பத் துல்லியமான, கனமான வீடியோ. டைம்லைனை இழுத்தால் மாப்பிள்ளை தாலியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உறைந்து நிற்கிறார். கடன் வாங்கி, படம் காட்டும் வேலையைத் தனியாகப் பார்க்கும் ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கினேன். சொருகினேன். ஃபேன் சுற்றுகிறது, கீபோர்டு லைட் எரிகிறது, மானிட்டரில் மட்டும் 'நோ சிக்னல்'. கார்டைக் கழற்றினால் எல்லாம் பழையபடி வருகிறது.

முதல் நன்றி எதிர்வீட்டுத் தம்பிக்கு. பத்தாவது படிக்கிற பையன், எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, கேபிள் போர்டுல இருக்கு, கார்டு கீழ இருக்கு" என்றான். பதினோரு வருஷப் பழக்கத்தில் எச்டிஎம்ஐ வயரைப் பழைய ஓட்டையிலேயே குத்தியிருந்தேன்! மாற்றிச் சொருகியும் படம் வரவில்லை என்பது வேறு கதை. கார்டு உள்ளே இருந்தால் என் போர்டு தன்னுடைய டிஸ்பிளேயை அணைத்துவிடும் என்பதும், இரண்டு பக்கமும் இருட்டாக இருந்தது அதனால்தான் என்பதும் பிறகுதான் புரிந்தது.

மொபைல் சர்வீஸ் அண்ணன் ராம் மெமரியைக் கழற்றி, பின்களைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து, போர்டின் பட்டன் பேட்டரியையும் ஐந்து நிமிஷம் எடுத்துவைத்துவிட்டு மாட்டினார். பலனில்லை. காசு கொடுத்தால், "படம் வரல, எதுக்குப்பா காசு?" என்று வாங்க மறுத்துவிட்டார். இப்போது படம் வந்துவிட்டது அண்ணே, வாங்கித்தான் ஆக வேண்டும்.

டிடிபி சென்டர் அக்காவுக்கு நான் பட்டிருப்பது பெரிய கடன். கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டியான என் பழைய 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் கார்டுக்கான 8 பின் வயரே கிடையாது. ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் வயரில் ஒரு கன்வெர்ட்டரை மாட்டி ஒப்பேற்றியிருந்தேன். அக்கா அதைத் தொட்டதும் கையை உதறினார். வயர் இட்லித் தட்டு மாதிரி கொதித்தது. "கார்டு சொருகுற ஸ்லாட்டுல 75 வாட்தான் வரும். இந்த 8 பின்னுல 150 வாட் வரைக்கும் இழுக்கும். இந்த ஒத்த வயரு தாங்குமா? வீட்டைக் கொளுத்தப் பாக்குறியா?" என்று திட்டிவிட்டு, கடையில் சும்மா கிடந்த 650 வாட் எஸ்எம்பிஎஸ்ஸை எடுத்துக் கொடுத்தார். அதற்கும் முன்னால், கார்டையே தன் சிஸ்டத்தில் மாட்டிப் பார்த்தார். அவர் பாதியில் விட்டிருந்த காதணி விழா பேனர் திரையில் பளிச்சென்று வந்தது, தாய்மாமன் படத்தோடு. கார்டில் கோளாறில்லை என்று அங்கேதான் தெரிந்தது. அன்று மாலையே கார்டைத் திருப்பி அனுப்புவதாக இருந்தேன்.

இதற்கிடையில் ஒரு கடையில், "போர்டு வேஸ்ட், போர்டு, பிராசசர், ராம் மூணையும் மாத்துங்க" என்று 22,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்தார்கள். அவர்களுக்கு இங்கே நன்றி இல்லை.

முடிச்சை அவிழ்த்தது பெங்களூருவில் இருக்கும் சித்தி மகன். போனில் ஒரே கேள்விதான் கேட்டான்: "விண்டோஸ் லெகசியில போட்டிருக்கா, யுஇஎஃப்ஐயிலயா?" கார்டைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன். பயாஸ் மோட்: லெகசி. (பயாஸ் என்பது கம்ப்யூட்டரை எழுப்ப போர்டுக்குள்ளேயே இருக்கும் புரோகிராம்; அதில் லெகசி பழைய முறை, யுஇஎஃப்ஐ புது முறை.) விண்டோஸ் வருவதற்கு முன்னால் திரையில் எழுத்து காட்ட, கார்டுக்குள்ளேயே ஒரு சின்ன புரோகிராம் இருக்கிறதாம். என் போர்டில் பழைய முறைக்கான சிஎஸ்எம் என்ற செட்டிங்கை ஆன் செய்திருந்ததால் அது பழைய முறைப் புரோகிராமைத் தேடியிருக்கிறது. புதுக் கார்டில் புது முறை மட்டும்தான் இருந்திருக்கிறது. ஸ்பீக்கரில் இதைக் கேட்டுக்கொண்டிருந்த பக்கத்துவீட்டு மின்வாரிய ஐயா, "அவன் அணாவுல கேக்குறான், இவன்கிட்ட நயா பைசாதான் இருக்கு. 57-ல காசு மாறினப்போ எங்கப்பா கடையில இதே கூத்துன்னு சொல்வாரு" என்றார். எனக்கு அதன் பிறகுதான் முழுசாக விளங்கியது.

சிஎஸ்எம்மை அணைத்தால் போதும் என்று பாய்ந்தேன். சித்தி மகன் தடுத்தான். டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரிக்கப்பட்டிருந்ததால் அப்படிச் செய்தால் விண்டோஸே ஏறாது. கல்யாண ஃபைல்களை எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் காப்பி எடுத்துக்கொண்டு, பயாஸைப் புதுசாக்கி, எம்பிஆர்2ஜிபிடி கட்டளையால் டிஸ்க்கை ஜிபிடி என்ற புது முறைக்கு மாற்றி, அதற்குப் பிறகே சிஎஸ்எம்மில் கை வைக்க வேண்டும். இரண்டரை மணி நேரம் வீடியோ காலில் கூடவே இருந்தான்.

பயாஸ் ஏறும்போது கரண்ட் போனால் போர்டு செத்துவிடும். ஐயா சொன்னார்: "நாளைக்கு மாதாந்திரப் பராமரிப்பு, 9 மணிக்கு லைன் போயிடும். ராத்திரியே முடிச்சிரு." சொன்னதோடு நிற்காமல், தன் வீட்டு இன்வெர்ட்டரிலிருந்து காம்பவுண்டுச் சுவர் மேலாக எக்ஸ்டென்ஷன் வயரை இழுத்துக் கொடுத்துவிட்டு, டார்ச்சோடு பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்துகொண்டார். பயாஸ் அறுபது சதவீதத்தைத் தாண்டியபோது தெருவே இருட்டாகிவிட்டது. தலைக்கு மேல் ஃபேன் நின்றுபோனது. மானிட்டர் லேசாகச் சிமிட்டிவிட்டு, 64, 65 என்று போய்க்கொண்டே இருந்தது. யாரும் மூச்சு விடவில்லை. "சாயங்காலமே நினைச்சேன்" என்றார் ஐயா.

எல்லாம் முடித்து, கார்டைத் திரும்பச் சொருகி, பவர் பட்டனை அமுக்கினேன். போர்டு கம்பெனியின் லோகோ வந்தது. ஐயா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுக்குத்தானா இவ்வளவும்?" என்று கேட்டுக்கொண்டே தூங்கப் போய்விட்டார்.

அக்கா, எனக்கான புது எஸ்எம்பிஎஸ் திங்கட்கிழமை வருகிறது. உங்களுடையதை அன்றைக்கே கொண்டுவந்து தருகிறேன். ஐயா, உங்கள் வயர் இன்னும் சுவர் மேல்தான் கிடக்கிறது. மழைக்கு முன்னால் சுருட்டி எடுத்து வருகிறேன்.