பியூ என்று அச்சிட்டு இபிஎஸ் பலகை அனுப்பியது பற்றிய புகார்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: பியூ (பாலியூரித்தேன்) ஃபோம் என்று விற்ற சர்ஃப் பலகைக்குள் (அலைச்சறுக்குப் பலகை) இபிஎஸ் (தெர்மாகோல் இன) ஃபோம் இருந்ததும், பழுதுபார்க்க நீங்கள் கொடுத்த ரெசினே (இறுகும் பிசின்) அதைக் கரைத்ததும் குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். இந்தப் பலகை பற்றி ஏற்கெனவே தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் முறையிட்டுவிட்டேன். வந்த பதில்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை, கேட்ட கேள்விக்கும் விடை இல்லை. அதனால் நடந்ததை எல்லாம் விவரமாக எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படித்துவிட்டு, தயவுசெய்து பலகை செதுக்கும் உங்கள் ஷேப்பரிடமும் காட்டுங்கள்.

உங்களுடைய இதே மாடலைப் பல வருடங்களாக வைத்திருக்கிறேன். பழைய பலகை வெயிலில் பழுத்து மஞ்சளாகிவிட்டது. மேல்தளத்தில் குதிகால் படும் இடமெல்லாம் பள்ளம். ஆனாலும் அதன் ஓட்டம் எனக்கு அவ்வளவு பிடிக்கும். அதனால்தான் வேறு எதையும் பார்க்காமல் அதே மாடல், அதே நீளம், அதே அகலம், அதே 30 லிட்டர் கொள்ளளவில் புதிதாக ஒன்று ஆர்டர் செய்தேன். விற்பனைப் பக்கத்தில் ‘பியூ கோர், பாலியஸ்டர் ரெசின்’ என்று இருந்தது, அதாவது உள்ளே பியூ ஃபோம், வெளித்தோலில் பாலியஸ்டர் ரெசின். வந்த பலகையின் வால் பக்கத்திலும் அதையே அச்சிட்டிருக்கிறீர்கள். இரண்டின் படங்களையும் பில்லோடு இணைத்திருக்கிறேன்.

பெட்டியைத் திறந்து தூக்கியபோதே பலகை லேசாக இருப்பது தெரிந்தது. புதிய பலகை, ஈரம் ஏறாதது, அப்படித்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். அச்சிட்ட எழுத்தை நம்பாமல் இருக்க எனக்குக் காரணம் எதுவும் இல்லை.

வித்தியாசம் தண்ணீரில் தெரிந்தது. பழைய பலகையின் அடியில் இருந்த ஃபின்களையே (துடுப்புகள்) கழற்றி இதில் மாட்டினேன். அளவு ஒன்று, ஃபின் ஒன்று, ஆளும் ஒன்று. காற்று இல்லாத காலையில், முழங்கால் உயர அலையில் புதிய பலகை நன்றாகவே போனது. இதை மறைக்க வேண்டியதில்லை. கையால் நீரைத் தள்ளத் தொடங்கியதும் சட்டென்று வேகம் எடுத்தது. வலு இல்லாத அலையிலும் நின்றுபோகாமல் ஓடியது. காலை அழுத்தினால் உடனே துள்ளி நிமிர்ந்தது. சின்ன அலைக்காக ஒரு பலகை தேடுபவருக்கு இது பிடித்துப்போகும்.

ஆனால் கடலில் இருந்து காற்று அடிக்கத் தொடங்கி, நீர்ப்பரப்பில் சின்னச் சின்னச் சுருக்கங்கள் விழுந்த நாட்களில் இது முற்றிலும் வேறு பலகை. ஒவ்வொரு சுருக்கமும் பாதத்தில் தட்டியது. சரளைக்கல் பாதையில் சைக்கிள் ஓட்டுவது போல அலை முழுக்க ஒரே நடுக்கம். பழைய பலகை அந்தச் சுருக்கங்களை எல்லாம் நசுக்கிக்கொண்டு போகும். இது அவற்றின் மேல் தத்தித் தத்திப் போனது. தலைக்கு மேல் உயர்ந்த, செங்குத்தான அலையில் இறங்கிக் கீழே திரும்பும்போது ஓரத்தைத் தண்ணீருக்குள் புதைத்துத்தானே திரும்ப வேண்டும்? அந்த ஓரம் புதையாமல் மேலேயே நழுவியது. அலையின் உச்சியில் இருந்து இறங்கும் நொடியில், முகத்தில் அடிக்கும் காற்று பலகையின் முன்நுனியை மேலே தூக்கியது. எனக்கு இந்த மாடல் தேவைப்படுவதே அந்த மாதிரி அலைகளுக்குத்தான். அங்கேதான் அது கைவிட்டது.

அப்புறம் ஒரு நாள் பாறையில் லேசாக உரசி, ஓரத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு விரிசல். உடனே கரையேறி, பலகையைக் கழுவி, நிழலில் நன்றாகக் காயவைத்தேன். பலகையோடு நீங்கள் அனுப்பிய பெட்டியில் வெயிலில் இறுகும் ரெசின் ட்யூப் ஒன்று இருந்தது. அதன் மேல் ‘பாலியஸ்டர்’ என்று தெளிவாக இருக்கிறது. உங்கள் கையேட்டில் சொன்னபடியே விரிசலைச் சுற்றி உப்புத்தாள் தேய்த்து, ரெசினை நிரப்பி, மேலே மெல்லிய தாள் ஒட்டி வெயிலில் வைத்தேன். இறுகி மேடாக நிற்க வேண்டிய ரெசின் உள்ளே இறங்கிக்கொண்டே போனது. விரிசலைச் சுற்றியிருந்த ஃபைபர் கிளாஸ் தோல் விரல் பட்டாலே அமுங்கியது. அந்த இடத்தை வெட்டித் திறந்து பார்த்தேன். உள்ளே எலுமிச்சம்பழம் நுழையும் அளவுக்குக் குழி. குழியின் சுவர் பிசுபிசுப்பாக, பளபளவென்று உருகிப்போயிருந்தது. அதையும் தாண்டிச் சுரண்டியபோது வெள்ளை வெள்ளையாக உருண்டை மணிகள் உதிர்ந்தன.

பியூ ஃபோம் மணியாக உதிராது. இரண்டு திரவங்களை அச்சில் கலந்து, அவை நுரைத்துப் பொங்கி இறுகுவது பியூ. அதைத் தேய்த்தால் மாவு போன்ற பொடிதான் வரும். மணியாக உதிர்வது இபிஎஸ். பெட்டிகளில் பொருள் உடையாமல் இருக்க வைக்கிறார்களே, அந்தத் தெர்மாகோலின் இனம். பாலிஸ்டைரீன் மணிகளை நீராவியில் பொரியவைத்து ஒன்றோடொன்று ஒட்டவைத்துச் செய்வது. பாலியஸ்டர் ரெசினில் ஸ்டைரீன் இருக்கிறது, அது பாலிஸ்டைரீனைக் கரைத்துவிடும். அதனால்தான் இபிஎஸ் பலகைக்கு எல்லோரும் எபாக்சி ரெசின் பூசுகிறார்கள். பலகை செய்பவர்களுக்கு இது பாலபாடம். உங்கள் பலகையின் வெளித்தோலும் எபாக்சியாகத்தான் இருக்க வேண்டும். பாலியஸ்டர் பூசியிருந்தால் செய்யும்போதே உள்ளே இருப்பது கரைந்திருக்கும். இறுகிய எபாக்சியின் மேல் பாலியஸ்டர் சரியாக ஒட்டுவதும் இல்லை. ஆக, நீங்கள் அனுப்பிய ட்யூப் அந்தப் பலகையின் தோலுக்கும் பொருந்தாது, உள்ளே இருப்பதற்கும் பொருந்தாது.

இனி உங்கள் பதில்களுக்கு வருகிறேன். தொலைபேசியில் பேசியவர், “உள்ளே இருப்பது எக்ஸ்பிஎஸ், அது தண்ணீரே குடிக்காது, கவலைப்படாதீர்கள்” என்றார். எக்ஸ்பிஎஸ் என்பது உருகிய பாலிஸ்டைரீனை நுரைக்கவைத்து, ஒரே பாளமாகப் பிதுக்கி எடுப்பது. அதன் அறைகள் மூடியவை, அதனால் தண்ணீர் ஏறாது என்பது சரிதான். ஆனால் அதில் மணியே கிடையாது. என் பலகையில் மணி கைநிறைய வந்தது, படம் பார்க்கலாம். எக்ஸ்பிஎஸ் ஆகவே இருந்தாலும் அதுவும் பாலிஸ்டைரீன்தான். உங்கள் ட்யூப் அதையும் கரைத்திருக்கும்.

பிறகு வந்த மின்னஞ்சலில், “இந்த முறை தயாரித்த பலகைகளில் மேம்படுத்தப்பட்ட இபிஎஸ் பயன்படுத்தியுள்ளோம், இது கூடுதலாக மிதக்கும், ஆகவே வாடிக்கையாளருக்கு நன்மையே” என்று எழுதியிருக்கிறீர்கள். பலகை எவ்வளவு தண்ணீரை விலக்குகிறதோ அதுதான் மிதப்பு. உள்ளே எந்த ஃபோம் இருந்தாலும் 30 லிட்டர் 30 லிட்டர்தான். மாறுவது எடை மட்டும். கனமீட்டருக்கு 16 கிலோ அடர்த்தியுள்ள இபிஎஸ் என்றால் 30 லிட்டருக்கு அரைக் கிலோ கூட வராது. 32 கிலோ அடர்த்தி என்றால் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. பியூ பிளாங்க் (பலகை செதுக்கும் ஃபோம் கட்டை) 45 கிலோ அடர்த்தி வாக்கில் இருந்தால் சுமார் 1.35 கிலோ. அதாவது மிக லேசான இபிஎஸ்ஸுக்கும் பியூவுக்கும் 900 கிராம் போலத்தான் வித்தியாசம். வளர்ந்த ஒரு ஆள் ஏறி நிற்கிற பலகையில் இந்த 900 கிராம் மிதப்பை எந்த அளவுக்கு மாற்றிவிடும்?

ஆனால் மொத்தமே மூன்று கிலோ சுற்றில் இருக்கும் பலகையின் எடையில் 900 கிராம் என்பது பெரிய பங்கு. காலுக்குத் தெரிவது அதுதான். எடை உள்ள பலகைக்குத் தன் போக்கில் போகும் பிடிவாதம் உண்டு. காற்றும் சுருக்கமும் அதைச் சட்டென்று தள்ளிவிட முடியாது. அதோடு பியூவும் பாலியஸ்டரும் சேர்ந்த பலகை வளைந்து நிமிரும்போது அதிர்வை உள்ளே வாங்கிக்கொள்கிறது. இபிஎஸ்ஸும் எபாக்சியும் சேர்ந்தது வாங்கிய தட்டை அப்படியே காலுக்குத் திருப்பிக் கொடுக்கிறது. சின்ன அலையில் அந்தத் துள்ளல் வரம். காற்றடிக்கும் பெரிய அலையில் அதுவே தொல்லை. இதில் எது உசத்தி என்பது வாங்குபவர் எந்த அலையில் இறங்குகிறார் என்பதைப் பொறுத்தது. அதனால்தான் விற்பனைப் பக்கத்தில் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். என் தேர்வை எனக்குச் சொல்லாமல் மாற்றிவிட்டு, அதற்கு மேம்பாடு என்று பெயர் வைக்காதீர்கள்.

மின்னஞ்சலின் கடைசியில், “பெரும்பாலான வாடிக்கையாளர்கள் உள்ளே இருக்கும் ஃபோமைக் கவனிப்பதில்லை” என்றும் ஒரு வரி இருக்கிறது. சர்ஃப் பலகை செய்கிற ஒரு நிறுவனம் இப்படி எழுதியதை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை. 1958 வாக்கில் அமெரிக்காவில் பலகை செய்த ஹோபி ஆல்ட்டரும் கோர்டன் கிளார்க்கும் பால்சா மரத்துக்குப் பதில் பியூ ஃபோமைக் கொண்டுவந்த பிறகுதான் லேசான பலகை எல்லோர் கைக்கும் வந்தது. அதே கிளார்க் நடத்திய, பிளாங்க் செய்யும் நிறுவனமான கிளார்க் ஃபோம் 2005 டிசம்பர் 5 அன்று முன்னறிவிப்பு இல்லாமல் மூடியபோது, அமெரிக்க ஷேப்பர்கள் பிளாங்க் கிடைக்காமல் திண்டாடினார்கள். அந்தத் திங்கட்கிழமைக்கு ‘பிளாங்க் மண்டே’ என்றே பெயர். அதன் பிறகுதான் நிறையப் பேர் இபிஎஸ் பக்கம் திரும்பினார்கள், ரெசினையும் கருவியையும் பழுதுபார்க்கும் முறையையும் அதற்கேற்ப மாற்றிக்கொண்டார்கள். உங்கள் தொழிற்சாலையிலும் ஃபோம் மாறியபோது ரெசின் மாறியிருக்கிறது. அச்சும் கையேடும் ட்யூப்பும் மட்டும் மாறவில்லை.

பராமரிப்பும் இதில்தான் அடங்கியிருக்கிறது. பியூ பலகையில் சின்ன விரிசல் விழுந்தால் ஈரம் மெதுவாகத்தான் பரவும். மணிகள் சரியாக ஒட்டாத இபிஎஸ்ஸில் தண்ணீர் மணிகளின் இடுக்கு வழியாக உள்ளே ஓடிவிடும், காயவைக்க வெகுநாள் பிடிக்கும். மூடிய காரின் சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து, தோல் கொப்புளம் போல எழும்பிவிடும். அதற்காகவே சில இபிஎஸ் பலகைகளில் காற்றை வெளியே விட ஒரு சின்ன வால்வு வைப்பார்கள். என் பலகையில் அதுவும் இல்லை, கையேட்டில் ஒரு வார்த்தையும் இல்லை. நான் வெட்டி எடுத்த துண்டில் மணிகள் பெரிதாக இருக்கின்றன, விரலால் கிள்ளினாலே உதிர்கின்றன. எந்த அடர்த்தி ஃபோம் போட்டீர்கள் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

“தவறான பயன்பாட்டால் ஏற்பட்ட சேதம்” என்று சொல்லி உத்தரவாதத்தை மறுத்திருக்கிறீர்கள். உங்கள் பலகையில், உங்கள் ட்யூப்பை, உங்கள் கையேடு சொன்ன முறையில் பயன்படுத்தினேன். இதில் என் பங்கில் எது தவறு என்று எழுத்தில் தெரிவியுங்கள்.

நான் கேட்பது இதுதான். ஆர்டர் செய்தபடியே பியூ ஃபோமும் பாலியஸ்டர் ரெசினும் கொண்ட பலகையை, இதை எடுத்துச் செல்லும் செலவையும் நீங்களே ஏற்று, மாற்றித் தர வேண்டும். அப்படி ஒன்று இருப்பில் இல்லையென்றால் முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும். அடுத்த ஆர்டருக்குத் தள்ளுபடி தருவதாக எழுதியிருந்தீர்கள், அது எனக்கு வேண்டாம்.

அதைவிட அவசரமானது இன்னொன்று. இதே தயாரிப்பில் இதே ட்யூப்போடு பலகை வாங்கியவர்கள் வேறு பலரும் இருப்பார்கள். ஓரத்தில் சின்ன விரிசல் விழுந்தால் அவர்களும் அந்தப் பெட்டியைத்தான் திறப்பார்கள். எபாக்சி ரெசினைத் தவிர வேறு எதையும் பூச வேண்டாம் என்று அவர்கள் எல்லோருக்கும் இந்த வாரமே தெரிவியுங்கள். எபாக்சி ட்யூப்பையும் இலவசமாக அனுப்புங்கள். இதற்கு என் புகார் தீரும்வரை காத்திருக்க வேண்டாம். இனி விற்கும் ஒவ்வொரு பலகையிலும் உள்ளே என்ன ஃபோம், என்ன அடர்த்தி, வெளியே என்ன ரெசின் என்பதை உள்ளது உள்ளபடி அச்சிடுங்கள்.

பலகையை அதே நிலையில் வைத்திருக்கிறேன். குழியை அடைக்கவில்லை, உதிர்ந்த மணிகளையும் மீதி ட்யூப்பையும் தனித்தனியாகப் பத்திரப்படுத்தியிருக்கிறேன். உங்கள் ஆள் யாரேனும் நேரில் வந்து பார்க்கலாம், துண்டு வெட்டிச் சோதிக்கவும் செய்யலாம். 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், இந்தக் கடிதத்தையும் படங்களையும் உங்கள் மின்னஞ்சலையும் சேர்த்து நுகர்வோர் குறைதீர் அமைப்பில் புகார் அளிப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில், விற்பனைப் பக்கத்தின் படம், பலகையின் வால் பக்க அச்சு, வெட்டித் திறந்த இடத்தின் படங்கள், ரெசின் ட்யூப்பின் படம், உங்கள் மின்னஞ்சலின் நகல்.