கப்பல்காரத் தாத்தாவுக்கு வாரிசுச் சான்றிதழ் எங்கே வாங்குவது?

ஆவணக் காப்பக அதிகாரிகளுக்கு,

வணக்கம். போன மாதம் என் சித்தப்பா உங்கள் அலுவலகத்துக்கு வந்துவிட்டுத் திரும்பினார். வயது 74. சிவகங்கைப் பக்கத்திலிருந்து ராத்திரி பஸ் பிடித்து, விடியற்காலையில் இறங்கி, பஸ் ஸ்டாண்டிலேயே முகம் கழுவிக்கொண்டு பத்து மணிக்கெல்லாம் உங்கள் வாசலில் நின்றவர். கையில் பழைய தாள்களைப் பார்க்க அனுமதி கேட்டு ஒரு மனு, ஆதார் நகல், தண்ணீர் பாட்டில். மதியம் மூன்று மணிக்குத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். கேட்டது ஒரே கேள்வி: "வாரிசுச் சான்றிதழ் இருக்கா?"

1802-இல் நாடுகடத்திக் கப்பலேற்றப்பட்ட எங்கள் முன்னோருக்கு! போன வருடம் தவறிப்போன எங்கள் அப்பாவுக்கே அதை வாங்க நாலு மாதம் தாசில்தார் ஆபீசுக்கு நடந்தோம்.

பின்னணி உங்களுக்குத் தெரியாததல்ல. வெள்ளைக்காரனை எதிர்த்த மருது சகோதரர்களை 1801-இல் திருப்பத்தூரில் தூக்கிலிட்ட கையோடு, அடுத்த பிப்ரவரியில் சின்ன மருதுவின் மகன் துரைசாமியோடு சேர்த்து 73 பேரைத் தூத்துக்குடியில் கப்பலேற்றிப் பினாங்குக்கு அனுப்பினார்கள். அதில் ஒருத்தர் எங்கள் வீட்டு ஆள் என்பது வழிவழியாக வரும் பேச்சு. ஆடி அமாவாசைக்கு எங்கள் வீட்டில் ஒரு இலை கூடுதலாக விழும். செத்த நாள் தெரியாது, பெயரும் தெரியாது. "கப்பல்காரத் தாத்தா, வந்து சாப்பிடுங்க" என்று சொல்லித்தான் சித்தப்பா சோறு வைப்பார்.

பெயர்ப் பட்டியல் புத்தகத்திலேயே வந்துவிட்டதே என்பீர்கள். வந்திருக்கிறது, பார்த்தோம். நம் ஊர்ப் பெயரை வெள்ளைக்காரன் காதில் விழுந்தபடி எழுதி, அதை இன்னொருத்தர் திரும்பத் தமிழாக்கியதில், எங்கள் ஊர் மாதிரியே ஒலிக்கிற ஊர் இரண்டு இருக்கிறது. எது எங்களுடையது? மூலத் தாளைக் கண்ணால் பார்த்தால் ஒருவேளை பிடிபடும். அப்புறம், போனவர்களில் யார் அங்கேயே செத்தார், யார் திரும்பினார் என்று கடிதப் போக்குவரத்து ஏதாவது இருந்தால் அதையும் பார்க்க வேண்டும். கேட்பது இவ்வளவுதான்: தாளைக் காட்டுங்கள். நிலம் கேட்கவில்லை, பென்ஷன் கேட்கவில்லை.

மருதுவோடு பழகிய வெல்ஷ் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி 1818-இல் பினாங்கில் துரைசாமியைப் பார்த்தபோது அடையாளமே தெரியவில்லையாம். முப்பது வயதைச் சுற்றி இருந்தவர் கிழவராகிப் போயிருந்தார். கம்பெனிக்காரனுக்குத் தெரிந்த அளவுகூட எங்கள் ஆளைப் பற்றி எங்களுக்குத் தெரியாமல் இருப்பது உறுத்துகிறது.

சிவகங்கை ஜமீன் வாரிசு யார் என்ற சண்டை, அன்றைக்கு மேல்முறையீட்டுக்குக் கடைசி இடமான லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய், 1863-இல் ராஜா மகள் காத்தம நாச்சியாருக்குத் தீர்ப்பே கிடைத்தது. சரி, ராஜா வீட்டுக்கு அது முடியும். மருதுவுக்காக ஈட்டி பிடித்தவன் வீட்டுக்கு ஒரு தாளைக் காட்ட உங்களுக்கு ஏன் இத்தனை தயக்கம்? அக்டோபரில் மருது குருபூஜை வந்தால் போதும், வழியெல்லாம் ஃபிளெக்ஸ், ஆளுயர மாலை, "வீரப் பரம்பரை" என்று எழுதாத வண்டி கிடையாது. அதில் போகிற எத்தனை பேரிடம் வாரிசுச் சான்றிதழ் இருக்கிறது என்று யாராவது கேட்டதுண்டா? எங்கள் ஊரிலேயே மூன்று பேர் தங்களை இளையராஜா என்று சொல்லிக்கொள்கிறார்கள், பாட்டுப் போடுகிறவர் அல்ல. அதெல்லாம் செல்லும், சித்தப்பாவின் மனு மட்டும் செல்லாது.

கோபத்தில் ஏதோ எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய தாள், தொட்டால் பொடியும் என்பது எங்களுக்கும் புரிகிறது. தொட வேண்டாம், படம் பிடித்து வைத்திருந்தால் அதைக் காட்டினால்கூடப் போதும். வாரிசுச் சான்றிதழ் கேட்காமல், அந்த 73 பேர் சம்பந்தப்பட்ட தாள்களை அந்தந்த ஊர்க்காரர்கள் பார்க்க அனுமதிக்க வேண்டும் என்று தாழ்மையோடு கேட்டுக்கொள்கிறேன்.

சித்தப்பா அந்த மனுவை நாலாக மடித்து இன்னும் பையிலேயே வைத்திருக்கிறார். ஆடிக்கு முன்னால் ஒரு தேதி சொன்னீர்கள் என்றால் மறுபடி பஸ் ஏறத் தயார் என்கிறார்.