மூழ்கிய பழைய எஞ்சின்களைச் சோதிக்காமல் எடைக்குப் போட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையாலும் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீராலும் தென்பெண்ணை பெருகிக் கடலூர்ப் பகுதிக்குள் புகுந்தபோது, கொட்டகைகளில் நின்றிருந்த பழைய அம்பாசிடர், பியட் கார்களும் மூழ்கின. அவற்றின் எஞ்சின் பிளாக்குகள் (சிலிண்டர்கள் அமைந்த வார்ப்பிரும்பு உடல்கள்), விரிசல் விட்டுவிட்டன என்ற ஒரே பேச்சில், இன்றும் காயலான் கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. எஞ்சின் பட்டறையிலேயே வயதைக் கழித்தவன் என்ற முறையில் இதைப் பார்த்துக்கொண்டிருக்க மனம் ஒப்பவில்லை.

வெள்ள நீர் வார்ப்பிரும்பைப் பிளப்பதில்லை. சிலிண்டருக்குள் நீர் நிற்கும்போதே செல்ஃப் அடித்தால், நீர் காற்றைப் போல அமுங்காது என்பதால், பிஸ்டனைச் சுழலும் கிராங்க் ஷாப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளைகிறது. ஓடும் வேகத்தில் நீர் புகுந்தால் ராடு முறிந்து பிளாக்கின் சுவரையே உடைப்பதும் உண்டு. துருவேறிப் பிடித்துக்கொண்ட பிஸ்டனைச் சம்மட்டியால் அடிப்பது அடுத்த கேடு. டீசலை ஊற்றிப் பல நாள் ஊறவிடும் பொறுமை இருந்தால் பெரும்பாலான பிஸ்டன்கள் இளகிவிடும்.

விரிசல் எவ்வளவு நீளம் என்பதைவிட எந்த இடத்தில் விழுந்திருக்கிறது என்பதே முக்கியம். சிலிண்டர்களைச் சுற்றிக் குளிர்விக்கும் நீர் ஓடும் வாட்டர் ஜாக்கெட்டின் வெளிச்சுவரில் என்றால், அதன் இரு முனைகளிலும் துளையிட்டு மேலும் ஓடாமல் நிறுத்தி, நெடுகிலும் ஒன்றையொன்று கவ்வும்படி மரையாணிகளை முறுக்கிச் சூடே படாமல் தைத்துவிடலாம். சாதாரண ஆர்க் வெல்டிங்கை நான் பரிந்துரைப்பதில்லை. கார்பன் மிகுந்த இந்த இரும்பு, வெல்டிங் ஆறிச் சுருங்கும்போது வரும் இழுவிசையைத் தாங்காது; பிளாக் முழுவதையும் சீராகச் சூடேற்றி, பிறகு காய்ந்த மணலிலோ சாம்பலிலோ புதைத்து மெதுவாக ஆறவிடாவிட்டால், பழைய விரிசலுக்குப் பக்கத்திலேயே புதியது கிளம்பும். அம்பாசிடரின் 1489 சிசி பெட்ரோல் பிளாக்கில் உள்ளே செருகும் தனி உருளையான லைனர் கிடையாது, சுமார் 73 மி.மீ. விட்டமுள்ள சிலிண்டர் துளை (போர்) பிளாக்கிலேயே கடையப்பட்டது. அதில் துருக்குழி விழுந்திருந்தால் துளையைச் சற்றுப் பெரிதாகக் கடையும் ஓவர்சைஸ் போரிங் செய்யலாம், அதற்கும் மீறினால் உள்ளே புது உருளை (ஸ்லீவ்) இறக்கலாம். கிராங்க் ஷாப்டைத் தாங்கும் மெயின் பேரிங் இருக்கையிலேயே விரிசல் ஓடியிருந்தால் மட்டும், எவ்வளவு அருமையான வண்டியானாலும், அந்தப் பிளாக்கைக் கைவிடவே சொல்வேன்.

சட்டமும் இங்கே குறுக்கிடுகிறது. முதற்பதிவு முடிந்து 50 ஆண்டுகளைக் கடந்த ‘விண்டேஜ்’ வாகனங்களுக்கு ‘வி.ஏ.’ வரிசையில் பதிவெண் தர 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகள், வாகனம் அசல் வடிவிலேயே இருக்க வேண்டும், எஞ்சினிலோ சேசிஸிலோ மாற்றம் செய்திருக்கக் கூடாது என்கின்றன. பிளாக்கை எடைக்குப் போட்டு வேறு டீசல் எஞ்சினை ஏற்றுகிறவர், அந்தத் தகுதியையும் சேர்த்தே இழக்க நேரிடும்.

எனவே கடலூரிலும் புதுச்சேரியிலும் உள்ள அரசு தொழிற்பயிற்சி நிலையங்கள், மழைக்காலம் முடிந்ததும் பொதுமக்கள் கொண்டுவரும் பிளாக்குகளைக் குறைந்த கட்டணத்தில், நீர்வழியில் காற்றை அழுத்தி விரிசலைக் கண்டறியும் பிரஷர் டெஸ்ட் செய்து கொடுக்க முன்வர வேண்டும். நீர்வழிகளை அடைக்கும் தகடுகள், ரப்பர் ஷீட், காற்றழுத்த பம்பு, வெந்நீர்த் தொட்டி ஆகியவையே இதற்குப் போதும். மாணவர்களுக்கும் வார்ப்பிரும்பு வேலையில் கைப்பழக்கம் கிடைக்கும்.

இப்படிக்கு,
எஞ்சின் பட்டறைத் தொழிலாளி ஒருவர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.